கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் ரோபோ

வெள்ளவத்தையில் நானும் அம்மாவும் இருந்தது ஒரு வீட்டின் மேல்மாடி அறையில். ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் காஸ் அடுப்பு. யன்னலைத் திறந்தால் பக்கத்து மாடிக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். கடல் நடந்து போகிற தூரம். ஆனால் ரயில் பாதையைத் தாண்டினால் கடற்படைக்காரர் நிற்பார்கள் என்று அம்மா அந்தப் பக்கம் என்னைப் போக விட்டதில்லை. அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் அரசாங்க வேலை. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது பாதையை மூடியபோது அவர் அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமுமாக அகப்பட்டுக்கொண்டோம். என் உயர்தரப் பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்தது. அதுவரை எனக்குப் பாடசாலை, அது விட்டால் அறை.

அறைக்கு வெளியே நான் கொஞ்சம் கூடுதலாக இருக்கக் கிடைத்ததற்கு ஒரே காரணம் பாடசாலையில் இருந்த ரோபோக் கழகம். விஞ்ஞான டீச்சர் தொடங்கியது. பெயர்தான் கழகம், உண்மையில் அதில் ஒழுங்காக வந்தது நானும் என் தோழியும்தான். அவள் வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளை. அவளுடைய வாப்பா காலி வீதியில் துணிக்கடை வைத்திருந்தார். அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வயர்களை ஈயத்தால் பற்றவைக்கிற வேலையும் அவளுக்குத்தான் கைவரும், நான் கணினியில் நிரல் எழுதுவேன். இரண்டு பேருமாகச் செய்த ரோபோ, பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய பாடசாலைப் போட்டி ஒன்றில் இரண்டாமிடம் வந்தது.

அடுத்த வருடம் அந்த மாணவர்கள் டீச்சரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். முன்பு போட்டியிட்ட அணிகள், தங்கள் நகரத்தில் புதிதாகத் தொடங்குகிற ஓர் அணிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலை.

அம்மா உடனே வேண்டாம் என்றா. கொட்டாஞ்சேனை என்றால் நகரத்தின் மறு அந்தம். நடுவில் எத்தனை சோதனைச் சாவடி என்று அவவுக்குத் தெரியும். தோழி வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அம்மாவோடு நெடுநேரம் பேசினாள். தன் வாப்பாவுக்குப் பழக்கமான ஓட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுத் திரும்பவும் கூட்டிவருவார் என்று சொன்னாள். அம்மா கடைசியில் ஓம் என்றது அவளுடைய சிங்களத்தை நம்பித்தான் என்று நினைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை பிரச்சினை எதுவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம். மாடியில் ஒரு வகுப்பறை. யன்னலால் பார்த்தால் கூரைகளுக்கு மேலே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அவ்வளவு தூரம் வரைக்கும் கண் போய் எனக்கு நாளாகியிருந்தது. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கையை மடியில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரும்பலகையில் படம் கீறி மோட்டர், சென்சர் என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன். அவர்கள் ஒரு சொல் விடாமல் எழுதினார்கள். போட்டிக்காக அவர்களுக்குத் தந்த பாகங்கள் இருந்த பெட்டி மேசையில் அப்படியே மூடிக் கிடந்தது. தொலைந்துபோகும் என்று பயந்து அவர்களுடைய ஆசிரியை அதுவரை அதை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தாராம்.

நான் மூச்சுவிட நிறுத்திய இடத்தில், முன்வரிசையில் இருந்த சின்ன உருவமான பிள்ளை கையை உயர்த்தினாள். முகத்துவாரத்தில் வீடு, தகப்பனுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அக்கா, சொன்னது எல்லாம் எழுதிட்டோம். இனி இத தொட்டுப் பாக்கலாமா?"

தோழி சிரித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் உண்மையில் வகுப்பு தொடங்கியது. மோட்டரை மாறிக் கொழுவினார்கள். சக்கரம் பின்பக்கமாகச் சுழன்றது. ஏன் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். முகத்துவாரத்துப் பிள்ளை எதையும் ஒருமுறை கழற்றிப் பூட்டினால் போதும், அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். புறப்படும்போது அவள் எங்களுடைய ரோபோவைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள். ஓடுவதைக் கண்ணால் கண்டால் விளங்கும் என்றாள். கேட்டதில் பிழை எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஓட்டோக்காரர் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் போனோம். சில நாட்களுக்கு முன்தான் எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. நடத்துனர் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆசனத்துக்குக் கீழே பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ரோபோவைத் துவாயால் சுற்றி ஒரு கூடைக்குள் வைத்து என் மடியில் வைத்திருந்தேன். சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோவோமா என்று தோழி முதல் நாள் கேட்டிருந்தாள். கழற்றினால் இன்னும் மோசமாகத் தெரியும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

காலி வீதியில் ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். என் முறை வந்ததும் ஓர் இளம் சிப்பாய் கூடைக்குள் கைவிட்டுத் துவாயை விலக்கினான். சிவப்பும் கறுப்புமாக வயர்கள், பற்றரி, பச்சைத் தகடு. அவன் ஒரு எட்டுப் பின்னுக்கு வைத்தான். அதைக் கண்டு எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்கப் பின்னால் போனது. செருப்புகள் எல்லாம் ஒன்றாகத் தார் வீதியில் இழுபட்ட அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும்.

தோழி முன்னுக்கு வந்து, "அய்யே, மேக்க செல்லம் படுவக்," என்றாள். அண்ணா, இது விளையாட்டுச் சாமான் என்று அர்த்தம். அவன் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தான். அவளுடையதில் பிறந்த இடம் கொழும்பு, என்னுடையதில் யாழ்ப்பாணம். அவளுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

பொலிஸ் நிலையத்தில் சுவரோரமாக ஒரு வாங்கில் இருத்தினார்கள். தோழியைப் போகலாம் என்றார்கள். அவள் எழும்பவில்லை.

"போகச் சொல்றாங்கதானே, போ," என்றேன்.

"நான் போனா ஒனக்கு யாரு சிங்களம் பேசுற? பேசாம இரி," என்று சொல்லிவிட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எங்களை விசாரித்தவர் கண்ணாடி போட்ட, வயதான அதிகாரி. அதட்டவில்லை. பாகங்களை எந்தக் கடையில் வாங்கியது, யார் செய்யக் கற்றுத் தந்தது, கொட்டாஞ்சேனையில் யாரைத் தெரியும் என்று நிதானமாகக் கேட்டார். நான் தமிழில் சொல்ல அவள் சிங்களத்தில் சொன்னாள். நான் நீளமாகச் சொன்னதை அவள் குறுக்கிச் சொல்வதைக் கவனித்தேன். பிறகு அவர் கேட்டார்: வெள்ளவத்தைப் பிள்ளைகள் எதற்காகக் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நாளைக்குப் போட்டியில் அவர்கள் உங்களுக்கு எதிராகத்தானே நிற்பார்கள், இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? நாங்கள் பழைய அணி, அவர்கள் புதிய அணி என்று சொன்னேன். அந்த அறைக்குள் அது எனக்கே பொய் போலக் கேட்டது.

ரோபோவை ஓட்டிக் காட்டச் சொன்னார். நிலம் சிவப்புச் சீமெந்து. எங்கள் ரோபோ வெள்ளையில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுகிற சாதி. சிவப்பில் அதற்கு ஒன்றும் தெரியாது. சுவிச்சைப் போட்டதும் நின்ற இடத்தில் வேகமாகச் சுழன்றது. நின்ற கொன்ஸ்டபிள்கள் எல்லோரும் கதவுப் பக்கம் போனார்கள். கடைசியில் ஒரு பெண் கொன்ஸ்டபிள் சுவரில் தொங்கிய பெரிய கலண்டரில் முடிந்துபோன மாதங்களைக் கிழித்துவந்து வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி நிலத்தில் விரித்தா. யாரோ மின்சார வேலைக்கு வைத்திருந்த கறுப்பு நாடாவைத் தந்தார்கள். நாங்கள் முழங்காலில் இருந்து வளைவு வளைவாக ஒட்டினோம். ரோபோ கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. கடைசித் தாளில், கோடு முடிந்த இடத்தில் நின்றது. பெண் கொன்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அதிகாரி இன்னொரு முறை ஓட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தார். இனிப் போகச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஒரு காட்போட் பெட்டி எடுத்துவரச் சொல்லி ரோபோவை அதற்குள் வைத்து ஒட்டச் செய்தார். நிபுணர்களுக்கு அனுப்பி அறிக்கை எடுக்க வேண்டுமாம். ஓட்டிக் காட்டியதுதான் எங்களுக்கு எதிராகப் போனது என்று தோழி பிறகு சொன்னாள். தானாக ஓடுகிற, தானாகப் போய் நிற்கிற சாமான் என்று அவர்கள் எழுதியதை அவள் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து தலைகீழாக வாசித்திருந்தாள்.

பொழுதுபடுகிற நேரம் அதிபரும் டீச்சரும் அம்மாவும் வந்தார்கள். அம்மாவின் கையில், வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, பிளாஸ்டிக் உறைக்குள். கையெழுத்து வைத்து எங்களைக் கூட்டிப்போனார்கள். அறைக் கதவைப் பூட்டிய பிறகுதான் அம்மா, "இனி உந்த விளையாட்டு வேண்டாம்," என்றா. கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதிபர் கழகத்தை நிறுத்தினார். அந்த வருடம் எங்கள் பாடசாலை போட்டிக்குப் போகாது என்று டீச்சர் வந்து சொன்னபோது அவவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ரோபோ திரும்பி வரவேயில்லை. வந்தது பொலிஸ்தான்: இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, அறையைப் பார்த்து, மேசை லாச்சியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கீழே இருந்த வீட்டுக்காரர் படியில் என்னைக் கண்டால் பேசாமல் விலகத் தொடங்கினார். வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவாரோ என்று அம்மா பயந்து, தண்ணீர்க் குழாயைக்கூடச் சத்தமில்லாமல் திறப்பா. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வீடு கிடைப்பது அப்போது லேசில்லை. பாடசாலை விட்டதும் நேரே அறைக்கு வருவேன். யன்னல் சுவரில் எந்த நேரத்தில் எந்த இடத்தில் வெயில் விழும் என்பது எனக்கு மனப்பாடம்.

ஒரு பின்னேரம் அம்மாவின் கைத்தொலைபேசி அடித்தது. முகத்துவாரத்துப் பிள்ளை. தோழியிடம் நம்பர் வாங்கி ஒரு கொமியூனிக்கேஷன் கடையிலிருந்து எடுத்திருந்தாள்.

"அக்கா, எங்கட ரோபோ ஓடுது. வளைவு வந்தா வெளிய போயிருது. பற்றரி வீக்கா, வயர்ல பிழையா தெரியல."

நான் அதே சொற்களில் பதில் சொல்லத் தொடங்கியதும் அம்மா அடுப்படியிலிருந்து விரைந்து வந்து போனைப் பொத்தினா. "பற்றரி, வயர் எண்டு போனில கதையாதை. ஒட்டுக் கேக்கிறவங்கள்." நான் போனை வைத்துவிடுவேன் என்று நினைத்தா போலிருக்கிறது. நான் வைக்கவில்லை, அவவைப் பார்த்தபடியே நின்றேன். அந்தப் பக்கத்தில் பிள்ளை அக்கா, அக்கா என்று கூப்பிடுவது கேட்டது. அம்மா கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டே, "நூல் எண்டு சொல்லன். மற்றதைச் சோறு எண்டு சொல்லு," என்றா.

அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. வயர் நூலானது, பற்றரி சோறானது, சென்சர் கண்ணானது. அவள் கிழமைக்கு ஒரு தடவை எடுப்பாள். சோறு போட்டும் நடக்கப் பஞ்சிப்படுகிறது என்பாள். நூல் எங்காவது இளகிக் கிடக்கிறதா பார் என்பேன். நான் நிலத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, நான் காணாத அந்த வண்டியை மனதில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒருமுறை, காலையில் நன்றாக ஓடுவது மத்தியானத்தில் கோட்டை விடுகிறது என்றாள். சுவரில் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் பிடிபட்டது: யன்னல் வெயில் நேரே விழும்போது அதன் கண் கூசுகிறது. அடுத்த தடவை எடுத்தபோது கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கடதாசி ஒட்டச் சொன்னேன்.

போட்டி பொரளைப் பக்கம் ஒரு மண்டபத்தில். கொட்டாஞ்சேனை ஆசிரியை முன்கூட்டியே பொலிஸில் கடிதம் முத்திரையிட்டு வாங்கி, பாடசாலை வானில் ரோபோவைக் கொண்டுபோக ஒழுங்கு செய்திருந்தார். நான் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். வெறுங்கையோடு போவதென்றால் போ என்றா. முதல் நாளே உடுப்பை மினுக்கி வைத்தேன்.

விடிய எழும்பினால் ஒழுங்கையின் இரண்டு பக்கத்திலும் ஆமி. சுற்றிவளைப்பு. ஒலிபெருக்கியில் எல்லோரையும் அடையாள அட்டையோடு பக்கத்து மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். போன்களை நிறுத்தச் சொன்னார்கள். மினுக்கி வைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வேறு எதையும் எடுக்க நேரம் இருக்கவில்லை. வெயில் ஏற ஏற அம்மா தன் சேலைத் தலைப்பை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தா. இப்போது தொடங்கியிருப்பார்கள், இப்போது அவர்களுடைய முறை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பொரளை தொலைவில்லை. ஆனால் மைதானத்து வாசலில் நின்ற சிப்பாயைத் தாண்டி என்னால் ஓர் அடி வைக்க முடியாது. எங்கள் கீழ் வீட்டுக்காரரைக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள்தான் விட்டார்கள்.

எங்களை விட்டபோது மத்தியானம் கடந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து தோழிக்கு எடுத்தேன். அவளுடைய ஒழுங்கையில் சுற்றிவளைப்பு இல்லை, அவள் போயிருந்தாள். முதல் ஓட்டத்தில் ரோபோ வளைவில் கோட்டை விட்டுவிட்டதாம். மண்டபத்து யன்னல் பெரியது, கடதாசி போதவில்லை. இரண்டாவது ஓட்டத்துக்கு முன் பிள்ளைகள் எல்லோரும் போய் யன்னலோரம் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று வெயிலை மறைத்தார்களாம். நடுவர் ஏன் என்று கேட்டதற்கு, அதுக்குக் கண் கூசுது சேர் என்று முகத்துவாரத்துப் பிள்ளை சிங்களத்தில் சொன்னாளாம். ரோபோ கடைசிவரை ஓடி நின்றது. வேகம் காணாது, பரிசு ஒன்றும் இல்லை. ஆனால் முடித்தது.

"நீ வருவேன்னு கதவையே பாத்துட்டிருந்தாளுங்க," என்றாள் தோழி. நான் மைதானத்தைப் பற்றிச் சொன்னேன்.

இரண்டொரு கிழமை கழித்து, ஒரு பின்னேரம் கதவில் தட்டுச் சத்தம். அம்மா பொலிஸ் என்று நினைத்துப் பதிவுத் துண்டைத் தேடினா. திறந்தால் முகத்துவாரத்துப் பிள்ளையும் அவளோடு இரண்டு பேரும், பாடசாலைச் சீருடையோடு. நான் வர முடியாததால் தாங்கள் வந்ததாகச் சொன்னார்கள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, இப்போது ரோபோவின் கண்களைக் கீழே இறக்கி வைத்திருப்பதையும் அதனால் வெயில் தொல்லை இல்லை என்பதையும் என் கொப்பியில் கீறிக் காட்டினார்கள். எனக்கு அது தோன்றியிருக்கவேயில்லை. நான் கேள்வி கேட்டேன், அவர்கள் சொல்லித் தந்தார்கள்.

அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றபடி முதல் தடவையாக அதைப் பற்றிக் கேட்டா. "உந்தச் சாமான் என்னதான் பிள்ளை செய்யும்?"

"கோட்டப் பாத்துப் போகும் அன்ரி."

"போய்?"

"கோடு முடியிற இடத்துல நிக்கும்."

"அவ்வளவுதானோ," என்றா அம்மா. பிறகு பிஸ்கட் எடுத்துவரப் போனா. வெளி ஆட்கள் இரவில் தங்கினால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததால் இருட்ட முதல் அவர்களை அனுப்ப வேண்டியிருந்தது. படி வரைக்கும்தான் நானும் கூடப் போனேன்.

அடுத்த வருடம் முகத்துவாரத்துப் பிள்ளை மறுபடியும் போன் எடுத்தாள். இந்த முறை அவர்களுடைய அணியையே ஒரு புதிய அணிக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருந்தார்களாம், மட்டக்குளியில். பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ரோபோவைக் கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். கையை வீசிக்கொண்டு போ, அந்தப் பிள்ளைகளை உங்களிடம் வரச் சொல் என்றேன். அவர்களை வீட்டில் விடமாட்டார்கள் என்றாள்.

"அப்ப ஒவ்வொரு கெழமையும் ஒரு துண்டு கொண்டு போறேன் அக்கா," என்றாள். "ஒரு நாளைக்குச் சில்லு மட்டும். மத்த நாளைக்கு மோட்டர். சில்லக் கண்டா யாரும் பயப்பட மாட்டாங்கதானே."

சக்கரத்தில் தொடங்கி அப்படியே செய்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு துண்டையும் ஒரு கிழமை முழுக்க வைத்துப் பார்க்கக் கிடைத்தது. எல்லாம் போய்ச் சேர்ந்து ரோபோ மட்டக்குளியில் ஓடியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. அவள் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. மட்டக்குளிப் பாதையில் இருந்த சாவடியால் இன்னொரு முறை துண்டு துண்டாகக் கடத்த அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு, தங்களுக்குப் புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினாள்.